மோட்டார்ப் பெட்டியின் ஓட்டைகள்

என் மனைவியின் வலது தோள் விட்டுப்போனது 1971-இல். தெருவிலுள்ள தறிகளுக்கு, பாவின் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றித் தருவது அவள் வேலை. ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி, தலை வாரக்கூடக் கை மேலே எழவில்லை. இனி அதைத் தொடவே கூடாது என்றார் வைத்தியர். அடுத்த வருடம் ஆனியில், வாலாஜாபாத்தில் பழைய சாமான் கடையொன்றில் சிறிய மின்மோட்டார் வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன். அதையும் ராட்டினத்தையும் ஒரு தோல்வாரால் இணைத்தேன். அவள் நூலைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவில் எழுப்பியது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம், குழிக்குள் கால் வைத்து நெய்யும் அவருடைய குழித்தறி. மோட்டார் ஓடிய முதல் நாளே வந்துவிட்டார்.

"என்னாடா, வீட்டுக்குள்ள ரைஸ் மில்லு வெச்சிருக்கியா? குழியில கால வெச்சா காலு நடுங்குது. பாவு பூரா ஆடிக்கினு இருக்குது."

அவர் சொன்னதில் பொய்யில்லை. மாம்பலகையில் ஒரு பெட்டி செய்து, அதன் அடிப்பலகையில் மோட்டாரை போல்ட் போட்டு முடுக்கினேன். பெட்டி மிருதங்கமானது, சத்தம் முன்னைவிடக் கூடியது. நூலகத்தில் படித்த பௌதிகம் அப்போதுதான் உறைத்தது. நடுக்கம் பலகைக்குப் போகாதபடி சைக்கிள் டியூபை மடித்து மோட்டாரின் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். பெட்டிக்கு அடியில் தேங்காய்நார் மெத்தை. சுவரை விட்டு ஒரு முழம் தள்ளியும் வைத்தேன். தரை அடங்கிவிட்டது. மிச்சம் ஒரு ரீங்காரம் மட்டும், காற்றுக்காக நான் போட்டிருந்த ஓட்டைகள் வழியாக.

"அந்த ஓட்டைங்கள அடைடா" என்றார் அண்ணன்.

"காத்து இல்லன்னா சூடாயி எரிஞ்சிடும்ணா."

"ஆமா, படிச்சவன் சொல்றான்."

ஆடியில் ஒரு நாள் நான் தாலுகா கச்சேரிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது அவரே வந்து அடைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்று அடுப்பைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்: "ஓட்டைய அடைச்சா எரிஞ்சிபோவும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. யாராச்சும் சொல்லுங்கமா."

அவரும் உத்தரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்: "மோட்டாரு என்னா மாடா, மூச்சு உட?"

பட்டுக்கழிவை, பாவுக்குப் போடும் கஞ்சியில் தோய்த்து ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்தார். காய்ந்தால் அது பலகை மாதிரி இறுகிவிடும். பிறகு தன் பக்கம் போய், "போடச் சொல்லு!" என்று சுவர் வழியாகக் கத்தினார். அவள் சுவிட்சைப் போட்டாள். ரீங்காரம் போன இடம் தெரியவில்லை.

"இப்பதான்பா வீடு மாதிரி இருக்குது!"

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. உச்சிப்பொழுதுக்கு முன் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டும் மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நான் அண்ணனிடம் போய் நின்றேன். தறியை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பழைய மோட்டாரு, எரியத்தான் செய்யும். வாங்கும்போது பாத்து வாங்கணும்." பிறகு தறியை மிதித்தபடியே, "ஊடைக்கு நூல் வேணும். அவகிட்ட சொல்லிடு."

இன்னொரு மோட்டார் வாங்க எனக்கு வழியில்லை. அவள் இடது கையால் ராட்டினம் சுற்றப் பழகினாள். எழுபத்தைந்துக்குள் இடது தோளும் போயிற்று.

எழுபத்தெட்டில் அண்ணன் தன் பக்கம் ஊடை சுற்ற ஒரு புது மோட்டார் போட்டார். பெட்டி கிடையாது, ரப்பர் கிடையாது. சுவரோரம் வெறுந்தரையில் முடுக்கிய இரும்பு. எங்கள் பரணில் பித்தளைப் பாத்திரங்கள் கடகடத்தன. கேட்கப் போனேன்.

"மோட்டாருன்னா சத்தம் வரத்தான் செய்யும்பா" என்றார்.

திரும்பி வந்தபோது அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்: "அந்த மோட்டாருக்குக் காத்து போவ எடம் உட்டிருக்காங்களா?"

"தெறந்தேதான் வெச்சிருக்காரு" என்றேன்.