ஆய்வகத்துக்குப் போகும் வழி

அந்தப் பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் பிரிவில் அவருக்குக் கல்வெட்டு என்று பெயர். ஒருமுறை எழுதியதை லேசில் அழிக்கமாட்டார் என்பதால் வைத்த பெயர். கேலிதான், அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

அங்கே கணினிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வார்டுகள் ஒரு சப்நெட், மருந்தகம் ஒன்று, ஆய்வகம் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எது போனாலும் நடுவிலிருக்கும் கேட்வே பெட்டிதான் திசை சொல்ல வேண்டும். அந்தத் திசைகளை வரி வரியாகக் கையால் எழுதி வைத்தவர் கல்வெட்டு. ஸ்டாட்டிக் ரூட் என்பது அதுதான்: எழுதியவர் மாற்றும்வரை மாறாது. இந்தக் குணத்தை அவர் நேர்மை என்றார், மற்றவர்கள் பிடிவாதம் என்றார்கள். இரண்டும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

பெட்டிகள் தங்களுக்குள் பேசித் தாங்களே வழி கண்டுபிடிக்கும் டைனமிக் ரூட்டிங் அவருக்கு வெறும் வம்பளப்பு. "பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்னு கிளம்பினா ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்பார்.

பிரிவின் தலைமைப் பதவி காலியானது. ஓய்வுக்கு முன் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசி ஏணி அது. போட்டிக்கு ஒரே ஒருவன், மனைவியின் தம்பி. அவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று புலம்பவும் வழியில்லை. கடா இன்னும் "மாமா" என்று பணிவாகத்தான் கூப்பிட்டது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஒரு பரீட்சை வைத்தார். மச்சினன் டைனமிக் ரூட்டிங் அமைக்க வேண்டும். கல்வெட்டு தன் பழைய வரிகளை நீக்கிவிட வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் ஒரு கேபிளைப் பிடுங்குவார்கள். வேலை நிற்காவிட்டால் பதவி மச்சினனுக்கு, நின்றால் மாமாவுக்கு.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா மாமா?"

"எடுத்தாச்சு மாப்ள."

ஒன்றை எடுக்கவில்லை. பழைய கட்டடம் வழியாக ஆய்வகத்துக்குப் போகும் வரி. அவர் மனைவி அங்கேதான் ரத்தம் பரிசோதிக்கிறாள். அவள் பார்த்துச் சொல்லும் முடிவை வம்பளப்பை நம்பி விட அவருக்கு மனம் வரவில்லை.

பழைய கட்டடத்தில் கேபிளைப் பிடுங்கினார்கள். வார்டும் மருந்தகமும் இமைக்கிற நேரத்தில் புதிய கட்டடம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடின. ஆய்வகம் மட்டும் செத்துக் கிடந்தது. உடனே போன் அடித்தது, அவர் மனைவிதான்.

"ஒரு ரிப்போர்ட்டும் போகல. யாருங்க கைய வெச்சது?"

கையால் எழுதிய வரி இருந்தால் கேட்வே அதைத்தான் முதலில் நம்பும். அடுத்த பெட்டி உயிரோடிருந்தால் போதும்; அதற்கப்பால் பாதை அறுந்து கிடப்பது அதற்குத் தெரியாது. "நாம எழுதினதுக்குத்தான் முதல் மரியாதை" என்று கல்வெட்டே பெருமையடித்துக்கொள்வார். மரியாதை கிடைத்துவிட்டது.

மச்சினன் திரையில் அந்த வரியைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான். நீக்கினான். ஆய்வகம் எழுந்து உட்கார்ந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் கண்காணிப்பாளர்.

"பழைய வரி ஒண்ணு தங்கிடுச்சு சார். நான்தான் சரிபார்த்திருக்கணும்."

"தப்பை ஒத்துக்கிற ஆள்தான்யா இந்தப் பதவிக்கு வேணும்."

பழைய வரிகள் யாருடையவை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒத்துக்கொள்ள வேண்டியவர் வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்.

வீட்டில் மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் தம்பியக் கவுக்கத்தானே அத விட்டு வெச்சீங்க?"

"உன் ரிப்போர்ட் ஒழுங்காப் போய்ச் சேரணுமேன்னு..."

"அடேங்கப்பா! இத்தன வருஷத்துல நான் அங்க என்ன வேல பாக்குறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் சொன்னது சத்தியம். ஆனால் பாசத்தை ஆயுள் முழுக்கச் சிக்கனமாகச் செலவழித்தவருக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

புதுத் தலைவரின் முதல் உத்தரவு மறுநாளே வந்தது.

"மாமா, ஆய்வகத்துக்கு மட்டும் கையால ஒரு வரி எழுதிடுங்க. முன்னுரிமையில கடைசியாப் போடுங்க. மத்த வழியெல்லாம் செத்தாத்தான் அது முழிக்கணும்."

நல்ல யோசனைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சரிங்க சார்."

"ஐயோ, சார்னு சொல்லாதீங்க மாமா."

கல்வெட்டு எழுதினார். திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை. பெட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டது, பயன்படுத்தவில்லை.