போல்ட்டுக்குப் பதில் நான்கு ஸ்க்ரூ

நாற்காலி, கட்டில் பழுதுபார்க்கும் அந்தத் தச்சரைத் தெருவே ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடும். ஒரு பலகையை அறுப்பதற்குள் நான்கு முறை அளப்பார். பட்டறைக்கு, மரத்தைத் தாடையில் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ் வாங்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. வளைந்த நாற்காலிக் கால் ஒன்றையும் சரிந்த முதுகுச் சட்டம் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வைஸின் தாடையிலும் அவற்றைக் கொடுத்து இறுக்கிப் பார்த்தார்.

“அடுத்த தடவை வீட்டுக் கதவையும் கழட்டிட்டு வந்துடுங்க,” என்றார் ஒரு கடைக்காரர்.

கடைசியில் மனசுக்குப் பிடித்தது ஒன்று அகப்பட்டது. அடிப்பாகம் சுழலும், தாடை சரிந்து கொடுக்கும், உருண்டைக் காலையும் கோணல் சட்டத்தையும் ஒன்றுபோலப் பிடிக்கும். தூக்கினால் தோள் இறங்கிப்போகும் கனம்.

அதைப் பொருத்தும்போது மட்டும் நிதானம் எங்கேயோ போய்விட்டது. மேசைப் பலகையில் முழுக்கத் துளையிட்டு, போல்ட் இறக்கி, அடியில் வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். கையிலிருந்த போல்ட்டோ பலகையின் தடிமனுக்கு எட்டவில்லை. கடைக்குப் போய்வர அரைமணி நேரமாகும். புதுச் சாமானைச் சுழற்றிப் பார்க்கும் ஆசை பொறுக்கவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று மேலிருந்து நான்கு ஸ்க்ரூ முடுக்கினார்.

அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டாவது வாரமே, கைப்பிடியைத் திருகும்போது அடிப்பாகம் லேசாக அசைந்தது. பார்த்தார். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவன் மனைவியின் தம்பி. கைவேகக்காரன். ஒருநாள் காலை, கட்டில் கால் ஒன்றை வைஸில் மாட்டி, கைப்பிடியில் உடம்பையே தொங்கவிட்டு இறுக்கினான். படக்கென்று சத்தம். வைஸ் பெயர்ந்து அவன் வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல் எலும்பு முறிந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் அவன் கேட்டான்: “நான்தான் மாமா முரட்டுத்தனமா தொங்கிட்டேன். நீங்க அலைஞ்சு அலைஞ்சு வாங்கினது. உடைஞ்சிடுச்சா?”

“உடையல,” என்றார் தச்சர்.

“பலம் மட்டும் இருந்தா போதுமாடா, பக்குவம் வேணாமா?” என்று அக்காக்காரி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். தச்சர் தரையைப் பார்த்தார். பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, பிய்ந்து கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். போட்ட பிறகுதான், தடயத்தை மறைத்துவிட்டோம் என்று உறைத்தது.

பத்து நாள் போனது. தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மனைவி அவனை ஏசினாள்; பக்கத்தில் நின்ற அவர் சொல்ல வாயெடுப்பார், சொல்லாமலே திரும்பிவிடுவார். பதினோராவது நாள் மச்சினன் வீட்டுக்குப் போய், நீட்டியிருந்த அந்தக் காலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“மாப்ளே, உன்மேல தப்பு இல்ல. நான் போல்ட் போடல. வெறும் ஸ்க்ரூதான். ஆடுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்.”

மச்சினன் கட்டுப் போட்ட காலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“விரலை விடுங்க மாமா, அது கூடிடும். பத்து நாளா அக்கா என்னை வாய்க்கு வந்தபடி பேசுது. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?”

தச்சர் மெல்லத் தலையாட்டினார்.

“முதல்ல போய் அதுகிட்ட சொல்லுங்க. என்கிட்ட அப்புறம் பேசலாம்.”

போய்ச் சொன்னார். மனைவி கத்துவாள் என்று காத்திருந்தார், அவள் கத்தவில்லை. இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவள், மூன்றாம் நாள்தான் திரும்பினாள்.

தச்சர் நீளமான போல்ட் வாங்கிவந்தார். மேசை ஆடாதபடி, அதன் கால் நிற்கும் மூலைக்கு வைஸை மாற்றி, துளையிட்டு, அடியில் கட்டை கொடுத்து இறுக்கினார்.

ஆறு வாரம் கழித்து மச்சினன் வேலைக்கு வந்தான். வந்ததும் மேசைக்கு அடியில் குனிந்து, நான்கு நட்டையும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான்.

“சரியா இருக்கு,” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பழைய பேச்சும் சிரிப்பும் மெல்லத் திரும்பிவிட்டன. ஆனால் வேலை தொடங்குமுன் அவன் தினமும் அப்படிக் குனிகிறான். அந்த நேரத்தில் தச்சருக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.