ஆயிரம் வாட், ஐந்து மணி நேரம்

மேலாளரோடு நடந்த அந்தப் பேச்சைச் சித்தி ஒரு வார்த்தைகூட இடம் மாறாமல் சொல்வாள்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தெல்லாம் மருத்துவமனையின் ஒரே ஃப்ரிட்ஜில் இருந்தது.

"சார், பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது," என்றாள் சித்தி.

"இன்வெர்ட்டர்ல என்னம்மா போட்டிருக்கு? ஆயிரம் வாட். ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்குது? நூறு வாட். வகுத்துப் பாருங்க, பத்து மணி நேரம்," என்றார் மேலாளர்.

"ஆயிரம்ங்கறது ஒரே நேரத்துல அதால எவ்வளவு குடுக்க முடியும்ங்கறது சார். எத்தனை மணி நேரம் குடுக்கும்னு பேட்டரியைத்தான் பாக்கணும். அதுல ஐந்நூறு வாட்-ஹவர்னு போட்டிருக்கு. அஞ்சு மணி நேரம் வந்தாலே பெரிசு."

"வாட்டு, வாட்-ஹவர், எல்லாம் ஒண்ணுதாம்மா."

"உங்க கார் மணிக்கு நூறு கிலோமீட்டர் போகும். அதுக்காக டாங்க்ல நூறு லிட்டர் பெட்ரோல் இருக்குன்னு அர்த்தமா?"

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரிப்பை இருமலாக்கினார். மேலாளரின் முகம் கறுத்தது.

"சரி, ஆஸ்பத்திரிச் சாவியாவது குடுங்க. நாளைக்கு வந்து ஐஸ் பெட்டிக்கு மாத்திடறேன்."

"ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம். நான் சொன்னா சொன்னதுதான்."

சித்தி அந்த மருத்துவமனைக்குத் தரை துடைக்க வந்தவள். கருவிகளின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்களையெல்லாம் படித்துப் படித்தே மருந்தறைப் பொறுப்புக்கு வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வருஷமாகக் காலையும் மாலையும் வெப்பநிலை எழுதுகிறாள். எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து வீண் என்று எல்லோர் காதிலும் ஓதி ஓதி, அவளுக்கே 'எட்டு டிகிரி' என்று பெயர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் மருந்தறைப் பூட்டைத் திறந்தபோது, மின்சாரம் திரும்பியிருந்ததால் ஃப்ரிட்ஜ் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அதற்குள் இருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவி பொய் சொல்லவில்லை. முந்தின நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பேட்டரி அடங்கியிருந்தது, மாலைக்குள் பதினான்கு டிகிரி. வெளியே இடுப்பில் பிள்ளைகளோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மேலாளர் வந்து அவர்களிடம், "மருந்தறை அம்மாவோட கவனக்குறைவு, மன்னிச்சுக்கங்க," என்றார். உரக்கச் சொன்னார். பிறகு விளக்கம் கேட்டு ஒரு தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். விசாரணை வியாழக்கிழமை, விளக்கத்தை அங்கே ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். விளக்கம் எடுபடாவிட்டால் வேலை போகும்.

அன்று சாயங்காலம் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காள் வீட்டுக்குள் நுழைந்தாள். அக்காள் மகள் ஆங்கிலமும் தமிழும் நன்றாகப் படித்தவள். நாலு பேர் கூடினால் கதவோரம் ஒதுங்கி நிற்பாள்.

"எழுதுடி. 'பணிவுடன்'னு ஆரம்பிக்காத. 'மன்னிக்கவும்' எங்கயும் வரக் கூடாது. அந்தாள் வகுத்த கணக்கை அப்படியே போடு. பக்கத்துல என் கணக்கையும் போடு."

அக்காள் மகள் இரண்டு மொழியிலும் எழுதினாள். மேலாளரின் வகுத்தலை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அவளே நினைத்ததில்லை. முடித்து நீட்டினாள்.

சித்தி தாளை வாங்கவில்லை.

"நான் படிச்சா இங்கிலீஷ்ல ரெண்டு இடத்துல தடுக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பானுங்க. நீ வா என்கூட. அந்தாள் எதிர்ல நின்னு, சத்தமா, நீ படி."