டிஸ்சார்ஜ் மாட்யூலில் விட்டுப்போன வெர்ஷன்

மருந்து லேபிள் அடித்துச் சோதிக்க வைத்திருந்த பிரிண்டர் சூடானால் ஒரு வாசனை வரும். காகிதமும் பசையும் சேர்ந்து லேசாகத் தீய்ந்த மாதிரி... தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீஸ் முழுக்க அந்த வாசனைதான்.

மொத்தம் ஐந்து பேர். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு வேலையில் அது இரண்டாவது வருடம்.

பதிவு, லேப், வார்டு, மருந்தகம், ஆபரேஷன் தியேட்டர், டிஸ்சார்ஜ் என்று ஆறு தனித்தனிப் பகுதி, ஆறு மாட்யூல். ஆறும் எடுத்துப் பயன்படுத்த, பொதுவாக ஒரு கணக்குப் புரோகிராம். லைப்ரரி என்போம். குழந்தையின் எடையைக் கொடுத்தால் எத்தனை மில்லி மருந்து என்று அது சொல்லும். அந்த லைப்ரரியில் எந்த வெர்ஷன் வேண்டும் என்பதை ஒவ்வொரு மாட்யூலும் தன் ஃபைலில் தனியாக எழுதி வைத்திருக்கும்.

கூட வேலை பார்த்த சுகந்தி அக்கா அடிக்கடி சொல்வார்.

"வெர்ஷன் நம்பர எல்லாத்துக்கும் பொதுவா ஒரே எடத்துல வச்சிடு கலா. ஆறு எடத்துல இருந்தா என்னைக்காவது ஒண்ணு விட்டுப்போயிடும்."

"இந்த வேல முடியட்டும்க்கா, மாத்திடறேன்."

அந்த வேலை முடிந்தால் அடுத்த வேலை...

ஓர் ஐப்பசி மாதம் லைப்ரரியின் புது வெர்ஷனுக்கு மாறினோம். பழையது மருந்தின் வீரியத்தை 'ஐந்து மில்லிக்கு இவ்வளவு' என்று படிக்கும். புதியது 'ஒரு மில்லிக்கு இவ்வளவு' என்று படிக்கும். ஆறுக்கும் பொதுவான மருந்துப் பட்டியலையும் அதற்கேற்ப மாற்றினேன். காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் ஏற்றியாயிற்று. வார்டு மாட்யூலில் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து நர்ஸ் ஜெயமேரி போன் செய்தார்.

"கலா, இந்த வலிப்பு மருந்து ஒரு மில்லிதானேம்மா வரணும்? டிஸ்சார்ஜ் லேபிள்ல அஞ்சு மில்லின்னு அடிச்சிருக்கு."

ஃபைலைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் மாட்யூலில் மட்டும் பழைய நம்பர் அப்படியே இருந்தது. ஐந்தை மாற்றியிருக்கிறேன். ஆறாவதை விட்டுவிட்டேன். புதுப் பட்டியலைப் பழைய லைப்ரரி படித்தால் எல்லா அளவும் ஐந்து மடங்கு.

போனிலேயே கத்தினேன்.

"எல்லா லேபிளையும் நிறுத்துங்க சிஸ்டர். கையால எழுதிக் குடுங்க. இதுவரைக்கும் எத்தன பேருக்குப் போயிருக்கு?"

"மூணு. ரெண்டு பேரு கீழதான் நிக்கிறாங்க, வாங்கிடறேன். இன்னொண்ணு அதிராம்பட்டினத்துப் புள்ள. மூணு மாசக் கொழந்த. பத்து மணிக்கே பஸ் ஏறிட்டாங்க. அடுத்த டோஸ் ரெண்டு மணிக்கும்மா..."

அந்தத் தாயின் நம்பருக்கு அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப்.

முதலாளி ரவி சார் கார் சாவியை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஒரத்தநாடு தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. இரண்டு பக்கமும் நட்டு முடித்த வயல். நான் எதையும் பார்க்கவில்லை. போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை டாக்டரிடம் போனில் கேட்டோம்.

"குடுக்கலன்னா ஒரு மில்லி குடுக்கச் சொல்லுங்க. குடுத்திருந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, பக்கத்துல இருக்க பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க."

மூச்சு. அந்த ஒரு சொல் அதிராம்பட்டினம் வரைக்கும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டுக்கோட்டையில் கேட் போட்டிருந்தார்கள். ரயில் வர எத்தனை நேரமானதோ தெரியாது. ரவி சார் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெயமேரி சொன்ன முகவரியை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்து வீட்டு வாசலில் நின்றபோது மணி இரண்டே கால்.

கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை... மறுபடி தட்டினேன்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். உதட்டில் விரல் வைத்து, "புள்ள தூங்குதுங்க" என்றாள்.

தூங்குகிறதா, மருந்து மயக்கமா...

"மருந்து குடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க. டிராப்பர்ல ஒரு மில்லிக்குத்தான் கோடு இருக்கு. ஆஸ்பத்திரில ஒரு டிராப்பர்தான் ஊத்துனாங்க. லேபிள்ல அஞ்சுன்னு இருக்கவும் கொழப்பமாப் போச்சு. போன்ல சார்ஜ் இல்ல, கரண்டும் இல்ல. வாப்பா கடையிலேருந்து வந்ததும் அவங்க போன்ல கேட்டுக்கலாம்னு எடுத்து வச்சிட்டேன். இப்பத்தான் தூங்குச்சு..."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவள் பயந்துபோய் ரவி சாரைப் பார்த்தாள்.

அவர் சொல்ல வாயெடுத்தார். நானே சொன்னேன்.

"லேபிள் தப்புங்க. ஒரு மில்லிதான். கம்ப்யூட்டர்ல நான் பண்ண தப்பு."

அவள் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "குடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

ரவி சார் டாக்டருக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டினார்.

அவளே குழந்தையை எழுப்பி, டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, ஒரு மில்லி அளந்து கொடுத்தாள். அது முகத்தைச் சுளித்து விழுங்கியது. பழைய லேபிளைக் கிழித்துவிட்டு, புதியதைப் பேனாவால் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ரவி சார் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை சுகந்தி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆறு ஃபைலிலும் இருந்த நம்பரை அழித்தோம். எல்லாவற்றுக்கும் மேலே பொதுவாக ஒரே ஃபைல், அதில் ஒரே ஒரு நம்பர். ஏதாவது ஒரு மாட்யூல் தனியாக வேறு நம்பர் எழுதினால் பில்டே ஆகாமல், அதாவது சாஃப்ட்வேரே உருவாகாமல், நின்றுவிடும்படி செய்தோம். முழுதாக மூன்று மணி நேர வேலைதான். அதைத்தான் நான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

இப்போது பெரிய கம்பெனி ஒன்றுக்குத் தஞ்சாவூர் வீட்டிலிருந்தே வேலை. நாற்பது மாட்யூல். லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்தால் டூலே கண்டுபிடித்து, தானே மாற்றி, தானே சோதித்து, பச்சை டிக் போட்டு அனுப்புகிறது. நாம் அப்ரூவ் பட்டனைத் தட்டினால் போதும்.

போன வாரம்கூட டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்.

"எல்லாம் பச்சையா இருக்கு மேடம். இன்னும் என்ன பாக்குறீங்க?"

"ஒரு பத்து நிமிஷம் குடுப்பா."

நல்ல டூல்தான், குறை சொல்ல முடியாது. அப்போது எங்களிடம் இருந்திருந்தால் அந்த லேபிளே வந்திருக்காது. ஆனால் அவனுக்கு அது வெறும் நம்பர்... எனக்கு அப்படி இல்லை. நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டினேன். அதற்குள் அவன் டீ குடிக்கப் போய்விட்டிருந்தான்.