பாட்டிமைச் சோறு

அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் பட்டினி கிடக்க முடியாது. கிடக்க விடமாட்டார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவர் தயிர்ச்சாதப் பொட்டலத்தோடு நிற்பார். அவருக்குப் பத்தடி தள்ளி இன்னொருவர் புளியோதரை அண்டாவோடு நிற்பார். வாங்காமல் போனால் கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் வீடு வாசல் இல்லாமல் படுத்துக் கிடந்த சனங்களுக்கு அன்று ஆறு வேளைச் சோறு.

மறுநாள் பாட்டிமை. காலண்டரில் பிரதமை என்று போட்டிருப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆகாத நாள். அன்று யாரும் எதையும் தொடங்கமாட்டார்கள், வீட்டிலிருந்து அரிசி பருப்பை வெளியே கொடுக்கவும் மாட்டார்கள். அஷ்டமி, நவமியும் அப்படியே. முந்தின நாள் ஆறு வேளை சாப்பிட்ட அதே மண்டபத்து ஆட்கள் அன்று ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். புண்ணியம் எல்லாம் ஒரே நாளில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். பசி தினமும் வரும்.

இதை முதலில் கவனித்தவள் என் சித்தி. அம்மாவின் தங்கை. பால்வாடியில் டீச்சர். எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த மேலப்பாளையத்து பாயும் அவளும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து, ஊர் கொடுக்காத நாட்களில் மட்டும் சோறு கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல நாளில் அவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். தெருவில் அவர்களுக்கு ‘அஷ்டமி நவமிக் கச்சி’ என்று பெயர். சித்தி அதற்குச் சிரிப்பாளே தவிரக் கோபப்பட்டதில்லை.

ஆகாத நாளில் கொடுக்கமாட்டேன் என்கிறவர்களிடம் சித்தி சண்டைக்குப் போகவும் இல்லை. “நல்ல நாள்லயே குடுத்திருங்க அண்ணாச்சி. ஆகாத நாள்ல நான் பொங்கிக்கிடுதேன்” என்பாள். அவர்கள் கொடுத்தது அமாவாசைக் கணக்கில் சேரும், மண்டபத்தில் உலை பாட்டிமையன்று கொதிக்கும். யாருடைய நம்பிக்கைக்கும் குறைவில்லை. இப்படி வீடு வீடாகப் பேசி, எந்த நாளுக்கு எந்த வீட்டு அரிசி என்று வரிசை போட்டிருந்தாள். ஒரே ஒரு கட்டுப்பாடு. விளக்கு வைப்பதற்குள் அரிசி அந்த வீட்டை விட்டு வந்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் அரிசி வெளியே போகாது.

இப்போது அந்தக் கூட்டம் பெரிதாகிவிட்டது. யார் வீட்டு அரிசி, யார் வண்டி, எந்தப் பாலத்தடியில் எத்தனை பேர் என்பதெல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. சித்தியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அந்த ஆடி அமாவாசையைத் தவிர வேறெதை எழுத என்று தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அடுத்த தெருவில் அரிசிக்கடை அண்ணாச்சி வீடு. அவர் அப்பாவுக்காக வருடா வருடம் ஆடி அமாவாசையன்று பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவார். மறுநாள் பாட்டிமைக்கான அரிசியும் அந்த வருடம் அவர் முறை. சித்திக்கு விறகுக்கடையில் வேலை இருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அண்ணாச்சி வீட்டுக்குப் போ. விளக்கு வைக்கதுக்கு முன்ன அரிசியக் குடுத்துவிடச் சொன்னா சித்தின்னு சொல்லு. அவ்வளவுதான்.”

வழியெல்லாம் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே போனேன். பந்தல் வாசலுக்குப் போனதும் நின்றுவிட்டேன். உள்ளே அவ்வளவு ஆட்கள். வீட்டுக்கு விருந்தாட்கள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை நான். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு பெரியம்மா பார்த்துவிட்டாள்.

“எந்த வீட்டுப் பிள்ளட்டி நீ? ஏன் அங்கன நிக்க? இங்கன வந்து உக்காரு. ஏய், இந்தப் பிள்ளைக்கு ஒரு எலையப் போடு.”

சாப்பிட வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். அதற்குச் சாப்பிடுவதே எளிதாக இருந்தது. உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது, வடை வந்தது, ரசம் வந்தது. கடைசியில் அண்ணாச்சியே பாயச வாளியோடு வந்து என் இலைக்கு முன் குனிந்தார்.

“டீச்சர் வீட்டுப் பிள்ளையா? வெக்கப்படாம வாங்கிக்க தாயி. இன்னும் ரெண்டு கரண்டி விடட்டா?”

அதுதான் சமயம். தலையை ஆட்டினேன். இரண்டு கரண்டி விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டாள். “சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“சரின்னாரு.”

ஒரு பொய்யைச் சொன்னதும் அடுத்தது தானாகவே வந்து நின்றது. எப்படியும் அண்ணாச்சிக்கு ஞாபகம் இருக்கும், கொடுத்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அம்மா விளக்கை ஏற்றிவிட்டு, “இனிமே எங்க வரப்போவுது?” என்றாள். சித்தி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளே அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். அண்ணாச்சி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நானும் பின்னாலேயே போனேன். போனால் மட்டும் அவர் வாயை எப்படி மூடுவேன் என்று யோசிக்கவில்லை.

“மூட்டையக் கட்டி நடையில வச்சிட்டு நேத்துப் பூரா பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர். நீங்க ஆள் விடலையே” என்றார் அவர்.

“பிள்ளைய விட்டேனே அண்ணாச்சி.”

“பிள்ளையா? பிள்ள வந்தா, சாப்பிட்டா, போனா. வாயத் தொறக்கலையே!”

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பி, “என்மேலதான் தப்பு அண்ணாச்சி. சாப்பிட்டுட்டு வான்னு மட்டும் சொல்லி விட்டிருப்பேன். வேலை மும்மரத்துல அரிசிய மறந்திருப்பேன்” என்றாள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். மூட்டை அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், சுவரோரம் சாய்ந்திருந்தது. அதையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தா இருக்கு. எடுத்துக் குடுக்கத்தான் கை வரமாட்டேங்கு. அப்பாவுக்குக் குடுத்த மறுநாளு, பாட்டிமையும் அதுவுமா... நாளைக்கு விடிஞ்சதும் நானே தூக்கிட்டு வாரேன் டீச்சர்.”

“நாளைக்குக் குடுக்க ஆள் இருக்கு அண்ணாச்சி” என்றாள் சித்தி. அதற்கு மேல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டுப் பேருக்கு அது பாதிக்குக்கூடக் காணாது. விஷயம் தெரிந்து பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“எங்களுக்கு ஏது டீச்சரம்மா அஷ்டமி நவமி? எல்லாம் அல்லா குடுத்த நாளுதான். இந்தா வந்துட்டேன்” என்று சைக்கிளை எடுத்தார்.

மேலப்பாளையத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போய்வர வேண்டும். ஆடிக் காற்று அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. கேரியரில் ஒரு சின்னப் பை. “மாசக் கடைசி. வீட்டுல இதுதான் கெடந்துச்சு” என்றார். இரண்டையும் சேர்த்து உலையில் போட்டார்கள்.

பதினோரு மணிக்குப் போக வேண்டிய சோறு, வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் கிளம்பியது. பாய் சைக்கிளில் சோற்றுப் பானையைக் கட்டி உருட்டினார். சித்தி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டாள். வாழை இலைக்கட்டு என் கையில். சித்தி அதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டிவிட்டால் பரவாயில்லை என்று இருந்தது.

மண்டபத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தே இருந்தார்கள். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார்களோ. இசக்கி என்று ஒருத்தி, அம்மா வயதிருக்கும், படியில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து சித்தி கையிலிருந்த வாளியை வாங்கினாள்.

“என்ன டீச்சர், மேலுக்குச் சொகமில்லையா? ஆள விட்டு வீட்டப் பாத்துட்டு வரச் சொல்லலாமான்னு பேசிக்கிட்டிருந்தோம்.”

ஒரு கால் இல்லாத தாத்தா ஒருவர் உள்ளேயிருந்து, “பாட்டிமை நம்ம டீச்சரையும் பிடிச்சுக்கிட்டுன்னுல்லா நெனச்சேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சித்தி சிரிக்கவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அரிசி கொஞ்சம் குறைஞ்சு போச்சு. ஆளுக்குப் பாதி வயித்துக்குத்தான் வரும். மன்னிச்சுக்கிடுங்க.”

இலை போட்டுக்கொண்டே போனேன். சித்தி பரிமாறினாள். முதல் இலை அந்தத் தாத்தாவுடையது. ஒரு கரண்டி விழுந்ததும் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தார். “போதும் டீச்சர். நேத்துத் தின்னதே இன்னும் தொண்டைக்குழியில நிக்கு.” அடுத்தவரும் கையை வைத்தார். “ரொம்பத் தள்ளாதீய. வயிறு ஒரு மாதிரியா இருக்கு.” அதற்கடுத்த இலையிலும் ஒரு கை. சித்தி கரண்டியைச் சாய்க்கும் முன்பே கைகள் வந்துகொண்டிருந்தன. சித்தி ஒருவரையும் வற்புறுத்தவில்லை. பாய் சாம்பார் விடுகிற சாக்கில் குனிந்தே நடந்தார்.

இசக்கி கடைசியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தூணோரம் நின்ற என்னைக் கவனித்தாள்.

“நீ சாப்பிட்டியா தாயி? மொகம் வாடிக் கெடக்கே.”

பயத்தில் காலையிலிருந்தே நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முந்தின நாளைய உளுந்த வடை இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். ஆறிப்போய்க் கெட்டியாகியிருந்தது. ஆனால் அவ்வளவு ருசியான வடையை நான் தின்றதில்லை. தின்று முடித்தேன். அண்ணாச்சி முன்னால் ஒரு வார்த்தை வராத எனக்கு அங்கே எப்படி வந்ததோ, தெளிவாகக் கேட்டேன்.

“இன்னொண்ணு தருவீங்களா?”

“வேண்டாம் இசக்கி” என்றாள் சித்தி வேகமாக.

“பச்சப்பிள்ள வாய் தொறந்து கேட்டுட்டா. விடுங்க டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே மற்ற வடையையும் கொடுத்துவிட்டு, காலியான முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு பானையைப் பார்த்தேன். அடியில் சோறு மிச்சம் இருந்தது. என்னால் நம்பவே முடியவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் அப்படியே இறங்கியது. அரிசி வராததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. யாருக்கும் குறைவில்லை. சித்தி மிச்சச் சோற்றை ராத்திரிக்கு ஆகும் என்று அவர்களிடமே பானையோடு விட்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது ஆற்றில் சாரல் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. சித்தியும் பாயும் மெதுவாக நடந்தார்கள். எனக்குப் பேச வேண்டும்போல் இருந்தது.

“பாத்தியா சித்தி, எல்லாருக்கும் போட்டும் மிச்சம் கெடக்கு. அங்க ஒருத்தருக்கும் பசியே இல்ல.”

சித்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். பாய் சைக்கிளை உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “ஆமா தாயி” என்றார்.

பாய் பொய் சொல்லமாட்டார். பெரியவர்களுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையில் ஒட்டியிருந்த வடை எண்ணெயைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடினேன்.