இரண்டு பெரியவர்களும் ஒரு 'ஏலே'யும்

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது ஏழு, கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஒன்பது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் வெள்ளைக்கார நர்சம்மா ஒருவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு ஒரு தலைகுனிவும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பேத்தி எழுதிக்கொள்கிறாள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மழை தொடர்ந்து ஏமாற்றியதால் எங்கள் காடு தரிசாகக் கிடந்தது. வீட்டுக்காரர் கோவில்பட்டிக்கு மில் வேலைக்குப் போய்விட்டார். மாமனார் அரைமனதாகச் சம்மதிக்க, நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன்.

அந்தச் சித்திரையில்தான் நர்சம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். ஊர் உக்ரைன் என்றார். அது எந்தத் திக்கு என்றுகூட எங்களுக்குத் தெரியாது. உலகச் சண்டையில் வீடும் தாய் தகப்பனும் போய், அகதியாக எங்கெங்கோ அலைந்து, வடக்கே ஏதோ முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

புத்தகத்தில் தமிழ் படித்திருந்தார். "தங்களுக்கு எவ்விடத்தில் வலிக்கின்றது?" என்று கேட்பார். மேலநீலிதநல்லூர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள், "கிறுகிறுன்னு வருது தாயி, ஈரக்கொலையப் பிடிச்சு இழுக்கு" என்றால் இவர் முழிப்பார். பெரிய டாக்டரம்மா கறாரானவர். ஆடித் தபசுத் திருவிழாவுக்குள் நோயாளிகளிடம் தானாகப் பேசி விசாரிக்கப் பழகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். திரும்பிப் போக நர்சம்மாவுக்கு வீடே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நர்சம்மா என்னிடம் வந்து, நீ பேசுகிற பேச்சை எனக்குக் கொடு என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர்கள் அத்தனை பேர் இருக்க, என்னிடம் அல்லவா கேட்கிறார். மதியம் கட்டுத்துணி அலசுகிற நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். அங்கன, இங்கன, கிறக்கமா இருக்கு, கொமட்டுது. கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தன் ஊர் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வார். பதிலுக்குத் தன் ஊர்ப் பேச்சில் சிலதை எனக்குக் கொடுத்தார். 'ஷோ தாம்' என்றால் என்ன சேதி. நம்ப முடியாததைக் கேட்டால் 'த்யூ'. காலையில் என்னைக் கண்டதும் "ஷோ தாம்" என்பார். நான் "ஒண்ணுமில்ல தாயி" என்பேன்.

வாரம் இரண்டு தடவை ஒரு பெரியவர் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்ற வருவார். எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரர். எங்கள் காட்டில் காலம் பூராவும் உழைத்தவர். தலை முழுக்க நரை. எங்கள் தெருவுக்குள் அவர் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. ஆஸ்பத்திரியிலும் பெஞ்சில் உட்கார மாட்டார், வேப்பமரத்தடியில் நிற்பார். நான், "ஏலே, இங்கன வா, காலைக் காட்டு" என்று கூப்பிடுவேன். என் வயதுக்கு மூன்று மடங்கு இருக்கும் அவருக்கு. அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

நர்சம்மா அதையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனி கடைசியில் என் மாமனார் காலில் உடைமரத்து முள் ஏறி, சீழ் கட்டி, ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். நர்சம்மா அவருடைய நரைத்த தலையைப் பார்த்தார். பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை மாதிரி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு மாமனாரிடம், "ஏலே, இங்கன வா, காலைக் காட்டு" என்றார்.

மாமனாரின் முகம் கறுத்துவிட்டது.

"யாரு இவளுக்கு இப்படிப் படிச்சுக் குடுத்தது?"

நான் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. என்ன தப்பு என்று நர்சம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துவிட்டார். "யாரும் இல்ல. என் வாய்தான் தப்பு" என்று மாமனாரைக் கும்பிட்டார். மாமனார் முள்ளை எடுக்காமலே எழுந்து டாக்டரம்மாவிடம் போனார். இவள் இங்கே இருக்கிற வரைக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு நொண்டியபடியே போய்விட்டார். டாக்டரம்மா ஆடி வரைக்கும் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் புறப்படச் சொல்லிவிட்டார்.

நான் நர்சம்மாவின் அறைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "அவருக்கும் நரை, இவருக்கும் நரை. நான் எங்கன பிசகுனேன்?" என்று கேட்டார்.

"அவன் கீழத்தெரு தாயி. இவங்க எங்க மாமா" என்றேன்.

நர்சம்மா மடித்த துணியைக் கீழே வைத்தார். அவர் ஊரிலும் இரண்டு சொல் உண்டாம். நீ என்பதற்கு 'தி', நீங்கள் என்பதற்கு 'வி'. "எங்க அப்பாவுக்கு 'வி'. வாசல்ல பிச்சைக்கு வார கிழவருக்கும் 'வி'தான். நாங்க வயசுதான் பாப்போம்" என்றார். குத்திக்காட்டுகிற பேச்சே இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் சொன்னார். அதனால்தான் எனக்குச் சுட்டது.

மறுநாள் விடிந்ததும் மாமனார் முன்னால் போய் நின்றேன். "நான்தான் மாமா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"அந்தப் பயலக் கூப்பிடுத மாதிரி என்னையக் கூப்பிடச் சொன்னியாட்டி?"

"அவரும் உங்க வயசுதான் மாமா."

சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்த பேச்சில்லை அது. அந்தப் பெரியவரை 'அவர்' என்று என் வாய் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அடுப்படியில் மாமியாரின் அகப்பைச் சத்தம் நின்றது. அடி விழும் என்று நின்றேன். மாமனார், "உன்னையக் காட்டிக் குடுக்காமலா அந்தப் பிள்ளை மூட்டை கட்டுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் பேசாமல் வண்டியைப் பூட்டச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நர்சம்மா முன்னால் காலை நீட்டி, "எடு தாயி முள்ளை" என்றார். டாக்டரம்மாவும் நர்சம்மாவை அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

மாமனார் அந்தப் பெரியவரைக் கடைசிவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த தடவை கட்டு மாற்ற அந்தப் பெரியவர் வந்தபோது நான் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. அன்றைக்கு அவர் உட்காரவில்லை. அடுத்த தடவையும் இல்லை. மூன்றாம் தடவை ஓரமாக உட்கார்ந்தார்.

நர்சம்மா ஆறு வருடம் இருந்தார். என் பிள்ளைகளில் மூன்று பேர் அவர் கையில் பிறந்தார்கள். நான் வலியில் துடிக்கும்போதெல்லாம் "தவாய், தவாய்" என்பார். விடாதே, முக்கு என்று அர்த்தம்.

நான்தான் பேச்சுச் சொல்லிக் கொடுத்தேன் என்று இத்தனை காலம் பெருமையடித்திருக்கிறேன். என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தத் தாயும், இத்தனை நாள் இந்த மரியாதை எங்கே போனது என்று கேட்காமல் வந்து உட்கார்ந்த அந்தப் பெரியவரும் இல்லாவிட்டால் எனக்குத்தான் பேசத் தெரிந்திருக்காது. இந்தா மக்கா, இதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. அன்றைக்கு என் வாய் சொன்னது சொன்னபடி இருக்கட்டும், மற்ற இடத்தில் எங்கேயாவது அந்தப் பெரியவருக்கு மரியாதை குறைந்திருந்தால் நிறுத்து, நான் திருத்திக்கொள்கிறேன்.