ஹசிந்தா வாங்காத பங்கு

லியோன் நகரத்தில் லிசாந்த்ரோ பைஸின் பேனாவுக்கு அப்படியொரு மவுசு இருந்தது. அவருடைய பத்திரிகை வந்தால் முடிதிருத்தும் கடையில் ஒருவன் வாசிக்க, கடையே காது கொடுக்கும். கதையும் எழுதுவார், மேயரின் தோலையும் உரிப்பார். அச்சடித்தது கூட்டாளி ஒனோஃப்ரே. அந்த மவுசிலேயே தேர்தலில் நின்று ஜெயித்துத் தொலைத்தார். ஆமாம், தொலைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போடும் சட்டம் சபைக்கு வந்தது. "ஆதரிச்சுக் கையத் தூக்குங்க, மந்திரி ஆயிடலாம்" என்றார்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். மனுஷன் தூக்கினார். பதவி வரவில்லை. அதே சட்டத்தில் ஒனோஃப்ரே கைதாகி, சிறையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். பாவி நான், தூக்கின இந்தக் கையை வெட்டிப்போட்டால்கூட ஆறாது என்று லிசாந்த்ரோ தினமும் நினைத்துக்கொள்வார்.

அதிலிருந்து டிசம்பரில் மாதா திருவிழாவுக்கு ஊரே வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும், இவர் வாசலை மட்டும் தாண்டிப் போய்விடும். இந்த வருஷமும் வாசலில் மாதாவுக்குப் பீடம் ஜோடித்து, பாட வருகிறவர்களுக்குப் பங்கு கொடுக்கக் கரும்பும் சோளமாவு உருண்டையும் கூடையில் நிரப்பினார்.

"யாருக்குடா இவ்வளவு? போன வருஷம் மாதிரி நாமளே மென்னு துப்பவா?" என்றாள் அக்கா எவுலாலியா.

"ஹசிந்தா வருவாக்கா."

"வருவா, வருவா! புருஷனப் பறிகொடுத்தவ உன் உருண்டைக்கு ஏங்கிப்போய்க் கெடக்கா பாரு!"

கோயில் மணி அடித்தது, வெடி வெடித்தது. பக்கத்து வீட்டில் பாடி முடித்த கூட்டம் வழக்கம்போல் நகர, ஒருத்தி மட்டும் இவர் வாசலில் நின்றாள். ஒனோஃப்ரேயின் மனைவி ஹசிந்தாவேதான்.

"இத்தனை சந்தோஷம் யாராலே?" என்று வழக்கப்படி கூவினாள்.

வீட்டுக்காரர் பதில் கூவ வேண்டும். சபையில் முழங்கியவர் அவசரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "மாதாவாலே!" என்று அக்காதான் உள்ளிருந்து கத்தினாள். ஹசிந்தா பாட, தெருவே திரும்பி வந்து சேர்ந்து பாடியது.

லிசாந்த்ரோ கூடையோடு அவளிடம் ஓடினார். "எடுத்துக்கோ தங்கச்சி. அவனுக்குப் பிடிச்ச உருண்டை."

அவள் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மாதா இங்க தனியா உக்காந்திருக்கான்னு மனசு கேக்கல. அவளுக்குத்தான் பாடினேன். உங்களுக்கில்லண்ணே."

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் நின்றவர்கள் கை நீட்டினார்கள். கூடையில் ஓர் உருண்டை மிஞ்சும்வரை கொடுத்தார். ஹசிந்தாவின் பங்கான அந்த உருண்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.